சோலைச்சாமி விமானத்துக்குப் போட்ட காசு

ஸ்ரீவில்லிபுத்தூர் வேன் ஸ்டாண்டில் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டிருக்கும் ஒரே டிரைவர் சோலைச்சாமிதான். அக்கினி நட்சத்திரத்திலும் அப்படித்தான். முதுகெல்லாம் நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். கையை மட்டும் மடிக்கமாட்டார். ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மனுசனுக்குக் கையில் ஏதோ தழும்பு இருக்கிறது, மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வயசு அறுபதைத் தாண்டியும் கீறல் விழாத கை அது. அந்தக் கைதான் அவரைத் தலைகுனிய வைத்தது.

பிறந்தது கூமாப்பட்டி. மழை பார்த்து உழுகிற குடும்பம். மழை இவர்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மீசை அரும்பும் முன்பே ராஜபாளையத்துக்கு வந்து பஞ்சு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு டிரைவர், பிறகு சொந்த வேன். காசி, ராமேஸ்வரம், சபரிமலை, குருவாயூர் என்று ஊர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கிவிடுவதுதான் பிழைப்பு. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. இதை அவர் சொல்லாமல் யாரும் தெரிந்துகொண்டதில்லை, ஏனென்றால் அதைச் சொல்லாமல் அவர் யாரிடமும் ஒரு டீ குடித்ததில்லை.

அந்தப் பெருமைக்கெல்லாம் அவர் காட்டும் காரணம் ஒன்றுதான். காசு.

நம் பக்கத்து டிரைவர்கள் வழியில் இருக்கும் காவல் தெய்வத்துக்குக் காசு போடாமல் தாண்டமாட்டார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஜன்னல் வழியே சுண்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கோயிலில் விழுந்ததா, ஓடையில் விழுந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. சோலைச்சாமி பார்ப்பார். கருப்பசாமி பீடத்தில் காசு விழுந்து 'கிணுங்' என்று சத்தம் கேட்டால்தான் அடுத்த கியர். மற்றவர்கள் ஒரு காசு போட்டால் இவர் மூன்று போடுவார். போக ஒன்று, போன இடத்தில் இருக்க ஒன்று, திரும்பி வர ஒன்று. புறப்படும்போது மனைவி நாகஜோதி மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே பட்டையாக மடித்துவிட்டு, கையை ஓங்கி, மூன்றையும் ஒரே வீச்சில் போடுவார். அந்த வீச்சைப் பார்க்கவே முன் சீட்டுக்குப் போட்டி போடுவார்கள்.

தன் பெருமையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனுசனுக்கு வாய்க்கொழுப்பு. வத்திராயிருப்புப் பக்கம் ராக்கப்பன் என்று ஒரு டிரைவர் வேனைக் கண்மாய்க்குள் இறக்கி, இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போன சோலைச்சாமி, கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைக்கூடக் கீழே வைக்காமல், "ஏலே ராக்கப்பா, காசு போட்டியா?" என்று கேட்டார். ராக்கப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதை ஒரு வேடிக்கையாக ஸ்டாண்டில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார் சோலைச்சாமி. இன்றைக்கு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

அவருடைய ஒரே மகள் யோகேஸ்வரி சென்னையில் வீடு வாங்கினாள். கிருஷ்ணன்கோவில் காலேஜில் இன்ஜினியரிங் படித்தவள். அப்பாவின் வேன் ஊர் பூராவுக்கும் ஓட, அவள் காலேஜ் பஸ்ஸில் போய்ப் படித்தாள். புதுமனை புகுவிழாவுக்கு அப்பாவும் அம்மாவும் விமானத்தில்தான் வர வேண்டும் என்று டிக்கெட் போட்டு அனுப்பினாள். கூடவே அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை ஒன்று, வெள்ளையில் மெல்லிய கோடு போட்டது.

"நான் வண்டியிலயே வாரேனே தாயி" என்றார் சோலைச்சாமி போனில்.

"ஒரு நாளாவது ஸ்டியரிங் பிடிக்காம வாங்கப்பா."

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவருக்குக் கண் மூடாது. பஸ்ஸில் போனால்கூட டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவர் கால் தரையை மிதிக்கும். ஆனாலும் மகள் சொல்லைத் தட்ட முடியுமா? ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். "வேய், மேல போகையில கருப்பசாமி கோயில் வராதே, என்ன செய்வீரு?" என்று ஒருவர் சீண்டினார். "எங்க போனாலும் கிளம்புற எடம் பூமிதானலே" என்றார் சோலைச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

மதுரை விமான நிலையத்தில் பையைச் சோதித்தார்கள், உடம்பைத் தடவிப் பார்த்தார்கள். மஞ்சள் துணி முடிச்சைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். காசு வைத்திருப்பது குற்றமில்லையே. பிறகு எல்லோரும் வரிசையாகத் திறந்தவெளியில் நடந்தார்கள். தரையில் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டை விட்டு விலகாமல் போகும்படி பச்சை மேல்சட்டை போட்ட சத்யப்பிரியா என்கிற பெண் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

விமானத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் சோலைச்சாமி நின்றுவிட்டார். றெக்கையின் கீழே தொங்குகிற என்ஜின் ஆள் உயரத்துக்கு இருந்தது. இத்தனை பெரிய வண்டி, இத்தனை ஜனம், ஒருத்தராவது ஒரு சூடம் கொளுத்தினார்களா, ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்களா? ஒன்றும் கிடையாது. அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவருக்குக் கோபம்தான் வந்தது. ஒரு டிரைவர் என்ற முறையில் இதைச் சும்மா விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. மஞ்சள் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். மகள் அனுப்பிய புதுச் சட்டையின் கையை மேலே ஏற்றி மடித்துக்கொண்டார். வண்டியின் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையைப் பார்த்துக் கையை ஓங்கி ஒரு வீச்சு.

'கிணுங்' என்று கேட்டது. நல்ல சத்தம். அவருக்கு மனசு நிறைந்தது.

"சார், என்ன போட்டீங்க?" சத்யப்பிரியா ஓடி வந்தாள்.

"காசும்மா. வழிக்கு. எல்லாருக்கும் சேத்துத்தான்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. கையில் இருந்த வாக்கிடாக்கியில் என்னவோ சொன்னாள். படியில் ஏறியவர்கள் நின்றார்கள். ஏறி உட்கார்ந்தவர்கள் இறக்கப்பட்டார்கள். இன்ஜினியர்கள் வந்து டார்ச் அடித்துத் தரையில் குனிந்து தேடினார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு காசு கிடைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று கிடைத்தது.

"மொத்தம் எத்தனை போட்டீங்க?" என்று மூத்த இன்ஜினியர் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த என்ஜின் காத்தை இழுக்கிற இழுப்புல ஒரு காசு உள்ள போனாலும் பிளேடு உடைஞ்சிரும். ரெண்டுன்னா இப்பவே கிளம்பிரலாம். மூணுன்னா என்ஜின் முழுக்கப் பாக்காம எடுக்க முடியாது."

"மூணு" என்றார் சோலைச்சாமி.

"உறுதியாத் தெரியுமா? பாக்கெட்ல, துணியில எங்கயாவது தங்கிருக்கான்னு பாருங்க."

இந்த இடத்தில் சோலைச்சாமி செய்ததைத்தான் அவர் இன்றைக்கும் நினைத்து நினைத்துக் கூசுகிறார். சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சள் துணியை உதறிக் காட்டினார். அவ்வளவுதான். சுற்றி நின்ற ஜனங்கள் எல்லாம் தன்னையே பார்ப்பது அவருக்கு அப்போது அவமானமாகத் தெரியவில்லை. வேன் ஸ்டாண்டில் நிற்பது போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு, "நாப்பது வருசமாப் போட்ட கை சார் இது. மூணு போட்டா மூணும் போயிரும். கைக்கணக்கு தப்பாது" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பயணிகளை எல்லாம் திரும்ப உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சோலைச்சாமியைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார வைத்து விசாரித்தார்கள். கேட்டவர்கள் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவருக்குத் தாங்க முடியவில்லை. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். "ஐயா, நீங்க வேணும்னு செய்யல, தெரியுது" என்கிறவர்களிடம் என்ன சொல்வது?

நாகஜோதி வெளியே பயணிகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள்மேல்தான் வசவுகள் வந்து மோதின. "எவனோ ஒரு கெழவன் காசை விட்டு எறிஞ்சானாம்." "இவனுகளையெல்லாம் யாரு பிளேன்ல ஏத்துறா?" யாருடைய பெண்டாட்டி என்று தெரியாமல் ஓர் அம்மாள் அவளிடமே திரும்பி, "நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊர்ப் பட்டிக்காடு?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றாள் நாகஜோதி. முப்பத்தைந்து வருசக் குடித்தனத்தில் புருசனைத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கண்ணாடி வழியாகச் சோலைச்சாமி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்த முகம். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஐயாதுரை அண்ணாச்சி. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தடவை வேன் ஓட்டியிருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, ஐயாதுரை மட்டும் யாரோடும் பேசாமல் ஜன்னல் ஓரமாக நின்று விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்த நேரத்துக்கு ஒரு தடவை போய் "எப்பக் கிளம்பும்?" என்று கேட்பார். "இன்னும் ஒரு மணி நேரத்துல சார்" என்பார்கள். மறுபடியும் ஜன்னலுக்கு வந்து நிற்பார். இப்படியே பொழுது உச்சிக்கு ஏறிவிட்டது.

பிறகு அவர் போன் அடித்தது. காதில் வைத்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலி இருக்க, தரையில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பயணிகள் இருந்த கூடத்தில் வசவுச் சத்தம் அடங்கிப்போனது.

விமானம் சோலைச்சாமியையும் நாகஜோதியையும் விட்டுவிட்டுப் பிற்பகலில் கிளம்பியது. "கிளியர் ஆயிருச்சு" என்று மட்டும் சொன்னார்கள். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் வீட்டு விழா அவர்கள் இல்லாமலே நடந்தது. வெளியே வந்ததும் நாகஜோதி சொன்னாள்.

"அந்த அண்ணாச்சிக்கு ஒரு அக்காவாம். தங்கபாய்னு பேரு. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளத்தவகளாம். மெட்ராஸ்ல ஆஸ்பத்திரியில தம்பியப் பாக்கணும், தம்பியப் பாக்கணும்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டே கெடந்தாகளாம். அவுக மகன் ஜோயல்தான் போன் பண்ணிருக்கான், போயிட்டாகன்னு."

பஸ் ஏறினார்கள். கல்லுப்பட்டி தாண்டி ஒரு கோயில் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியே ஒரு காசைச் சுண்டினார். 'கிணுங்' என்றது. சோலைச்சாமி முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புதுச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தார்.

மறுநாள் எல்லார் போனிலும் செய்தி வந்துவிட்டது. பேர் போடவில்லை, பேர் போடாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தெரியாதா? டீக்கடையில் 'ஏரோப்ளேன் உண்டியல்' என்று பட்டம் வைத்தார்கள். பால்கோவா வாங்க வந்த வெளியூர்க்காரரிடம்கூட, "அந்தா போறாருல்ல, அவருதான்" என்று காட்டினார்கள். எல்லாவற்றையும் சோலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். இதெல்லாம் படவேண்டியதுதான் என்று அவருக்கே பட்டது.

ஆனால் ஊர் வாய் ஒரே பக்கமாகப் பேசாது. நாலைந்து நாளில் வாட்ஸ்அப்பில் வேறொன்று சுற்ற ஆரம்பித்தது. மூன்றாவது காசு என்ஜினுக்குள்ளே பிளேடுக்கு இடையில் இருந்து எடுக்கப்பட்டதாம். பெரியவர் மட்டும் பயந்துகொண்டு இரண்டு என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் சாம்பலாகியிருப்பார்களாம். போட்டது முட்டாள்தனம், ஆனால் உண்மையைச் சொன்னானே, அவன் மனுசன். எவர் எழுதினாரோ, கீழே கைகூப்புகிற படம் வேறு. ஸ்டாண்டில் கேலி குறைந்தது. ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

சோலைச்சாமியும் அதை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? முங்குகிறவனுக்குக் கையில் கிடைத்த கிளை அது. தப்புச் செய்தேன், ஆனால் பொய் சொல்லவில்லை என்று ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த அண்ணாச்சியின் துண்டு போட்ட முகம் கண்ணுக்குள் வரும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. நாப்பது வருசக் கை, கணக்குத் தப்பாத கை என்று பழைய மிதப்புகூட லேசாகத் தலைகாட்டியது.

அந்த வாரக் கடைசியில் நாகஜோதி துணி ஊறவைக்கக் கட்டிலுக்கு அடியில் கிடந்த சட்டையை இழுத்தாள். கை இன்னும் மடித்தபடியே இருந்தது. வலது கையின் மடிப்பைப் பிரித்து உதறினாள். சிமெண்டுத் தரையில் ஒரு காசு விழுந்து, உருண்டு, கட்டில் காலில் முட்டி நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒரு ரூபாய்க் காசு. மஞ்சள் துணியின் சாயம் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

சோலைச்சாமிக்கு எல்லாம் விளங்கியது. கையை ஓங்கியபோது விரலிடுக்கில் இருந்து ஒரு காசு நழுவி, முழங்கை வழியாகச் சறுக்கி, மடிப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. என்ஜினுக்குள்ளும் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. அவர் உடம்பிலேயே இருந்திருக்கிறது. 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எங்கயாவது தங்கிருக்கான்னு பாருங்க' என்று அந்த மனுசர் கேட்டாரே. கையை ஒரு உதறு உதறியிருந்தால் போதும். விமானம் அப்போதே கிளம்பியிருக்கும். ஐயாதுரை அக்காளின் முகத்தைப் பார்த்திருப்பார்.

"யாரு கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றாள் நாகஜோதி. "நமக்குள்ள இருக்கட்டும். பட்டதெல்லாம் போதாதா?"

அவர் காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் ராக்கப்பன் வீட்டு வழியாகப் போக வேண்டிய சவாரி வந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று அனுப்பிவிட்டார். அதற்கு மறுநாள், வேனை எடுக்காமல் பஸ்ஸிலேயே ராஜபாளையம் போனார். பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தங்கபாயின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. சிரித்த முகம். அந்த முகத்தைக் கடந்து கடைக்கு நடந்தார். சொல்லிவிடுவது என்றுதான் போனார். சொன்னால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது, அதற்கும் தயாராகத்தான் போனார்.

கடையில் ஐயாதுரை பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சோலைச்சாமியைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க டிரைவரே. நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன். உக்காருங்க."

அடியை எதிர்பார்த்து வந்தவருக்கு நாற்காலி கிடைத்தது. உட்கார முடியாமல் நின்றார். ஐயாதுரை கையைப் பிடித்து உட்கார வைத்தார். மகள் ஷெரினைக் கூப்பிட்டு, "அங்கிளுக்குக் காபி கொண்டா" என்றார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும்."

"பொறவு சொல்லலாம். நான் மொதல்ல சொல்லிருதேன். அன்னைக்கு நீங்க மட்டும் எங்கையில கெடச்சிருந்தா கொன்னே போட்டிருப்பேன். அம்புட்டு ஆத்திரம். மண்ணு போட்டுட்டு வந்த பொறவும் ஆறல. எங்கக்கா என்னயக் கேட்டுக்கிட்டே கண்ண மூடிருக்கா. நான் ஜன்னல்ல நின்னு பிளேனப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். கார்ல வந்தா நேரமாகும்னுதான பிளேனுக்கு வந்தேன்?"

அவர் நிறுத்திக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். பெயிண்ட் வாங்க வந்த ஓர் ஆளைக் கையாலேயே இருக்கச் சொன்னார்.

"பொறவு அந்தச் செய்தி வந்துச்சு. காசு உள்ளதான் இருந்துச்சுன்னு. அன்னைக்கு ராத்திரிதான் நான் தூங்குனேன். ரெண்டுன்னு ஒரு பொய் சொல்லிருந்தா நீங்க அப்பவே தப்பிச்சிருக்கலாம். சொல்லல. அத்தன பேரு உசுரு பொழச்சுது, எம்மருமவன் ஜோயலுக்கு மாமன் மிஞ்சினான். எங்கக்கா போற வழியில எங்களயெல்லாம் காப்பாத்திட்டுப் போயிருக்கா, என்னயக் காக்க வச்சது அதுக்குத்தான், அப்டின்னு நெனச்சுக்கிட்டேன். அதுல ஒரு ஆறுதல். வார ஞாயித்துக்கெழம சபையில, கர்த்தர் எங்களக் காத்தாருன்னு சாட்சி சொல்லப்போறேன். நீங்களும் வந்து எம்பக்கத்துல நிக்கணும். உண்மையப் பேசுன மனுசர்னு எல்லாரும் உங்களப் பாக்கணும்."

காபி வந்தது. சோலைச்சாமி கையில் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் கிடந்த காசு அவர் நெஞ்சைச் சுட்டது என்றால் மிகையில்லை. சொல்லாமல் எழுந்து போய்விடலாம். இந்த மனுசர் ஆறுதலோடு இருப்பார். ஊரும் நல்லது பேசும். நாகஜோதியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் சபையில், வெள்ளை உடுத்திய ஜனங்களுக்கு முன்னால், அந்த அக்காளின் பேரைச் சொல்லி, உண்மையைப் பேசினவன் என்று இவரை நிறுத்தப்போகிறார்கள். கூசாமல் எப்படி நிற்பது? நிற்க முடியாது. அது மட்டும் முடியவே முடியாது.

டம்ளரைக் கீழே வைத்தார். காசை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, மூணாவது காசு இதான். உள்ள போகல. என் சட்டைக் கைமடிப்புல இருந்துச்சு. முந்தாநாத்துத்தான் கெடச்சுது. வாட்ஸ்அப்புல வந்ததெல்லாம் பொய்யி."

ஐயாதுரை காசைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை.

"அன்னைக்குக் கையை உதறிப் பாத்திருந்தா?"

"கெடச்சிருக்கும்."

"பாக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"ஏன் பாக்கல?"

சோலைச்சாமிக்கு இதற்குப் பதில் தெரியும். அந்த ஒரு பதிலைச் சொல்வதுதான் அவர் வாழ்நாளில் செய்ததிலேயே கஷ்டமான காரியம். "பெருமதான் அண்ணாச்சி" என்றார். "எங்கை தப்பாதுன்னு ஒரு பெரும."

ஷெரின் வந்து டம்ளரை எடுக்கப் போனவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே திரும்பிவிட்டாள். சோலைச்சாமிக்கு நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. சொல்லிவிட்டோம். எப்படியோ சொல்லிவிட்டோம். அந்த நிம்மதி முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஐயாதுரை அதைப் பார்த்துவிட்டார். அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை மாற்றினார்.

"உமக்கு எறங்கிருச்சு, என்ன?" என்றார் மெதுவாக. "மனசுல கெடந்த பாரத்த எம்மேசையில எறக்கி வச்சிட்டீரு. நல்லது. நான் இத எங்க கொண்டுபோய் எறக்கி வைக்க? எங்கக்கா எதுக்காகவோ காத்துக்கிட்டுப் போனான்னு இருந்தேன். இப்ப ஒண்ணுக்கும் இல்லேன்னு ஆயிருச்சே. சொல்லும் வேய், எங்க வைக்க?"

சோலைச்சாமி எழுந்து நின்றார். குனிந்து காலைத் தொடப் போனார். ஐயாதுரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டார்.

"வேண்டாம். காச எடுத்துக்கிட்டுப் போரும்."

எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயாதுரை சாட்சி சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார். வாட்ஸ்அப் செய்தி பொய் என்று ஊருக்கும் அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னது சோலைச்சாமிதான். ஸ்டாண்டில் வைத்து, எல்லோரும் இருக்கும்போது, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். 'உண்டியல்' பட்டம் அன்றைக்கே திரும்பி வந்தது. ராக்கப்பனையும் ஒரு நாள் போய்ப் பார்த்தார். என்ன பேசினார் என்று தெரியவில்லை. ராக்கப்பன் இந்தத் தடவை சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை என்று மட்டும் நாகஜோதி சொல்கிறாள்.

இப்போதும் வேன் ஓட்டுகிறார். கருப்பசாமி கோயில் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி நடந்துபோய், காசைப் பீடத்தில் கையாலேயே வைக்கிறார். ஒன்று, இரண்டு. மூன்றாவதை வைப்பதில்லை. வண்டியில் இருப்பவர்கள், "ஏன்ணே, திரும்பி வர்றதுக்குக் காசு?" என்று கேட்டால், "அது இருக்கு" என்று சட்டைப் பையைத் தொட்டுக்காட்டுவார். ராஜபாளையத்துச் சவாரி வந்தால் தென்காசி ரோட்டில்தான் போயாக வேண்டும். அந்த ஹார்டுவேர் கடையைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கிறார். ஐயாதுரை நிமிர்ந்து பார்ப்பதும் உண்டு, பார்க்காததும் உண்டு. பார்க்கிற நாளில் சோலைச்சாமி பொத்தான் போட்ட கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்துக் கும்பிடுகிறார். அவர் திரும்பக் கும்பிட்டதில்லை.